அயிட்டம்: பெயர் தெரிந்தும் சொல்லாத சொல்

மளிகைக் கடைச் சீட்டில் இருக்கும்போது ‘அயிட்டம்’ சாதுவான சொல். துவரம் பருப்பு ஒரு அயிட்டம், சலவைத் தூள் ஒரு அயிட்டம். கல்யாணப் பந்தியில் எத்தனை அயிட்டம் போட்டார்கள் என்று கேட்பதிலும் குற்றமில்லை. அதே சொல்லைப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் ஒரு பெண்ணைப் பார்த்து ஒருவன் தன் கூட்டாளியிடம் சொன்னால், அங்கே நிற்கிற எல்லோருக்கும் பொருள் புரிகிறது. சொன்னவனுக்கும் புரிகிறது. திருப்பிக் கேட்டால் மட்டும் அவன் மளிகைக் கடைக்குள் ஓடி ஒளிந்துகொள்கிறான். “அயிட்டம்னா பொருள்தானே, அதுல இன்னா தப்பு?”

அந்தப் பதிலை நான் ஒதுக்கிவிடப் போவதில்லை. அகராதிப்படி அவன் சொல்வது சரி. அதனால்தான் இந்தச் சொல்லைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. கெட்ட பொருளை மறைக்கும் போர்வையாக நல்ல பொருள் இருக்கிறது என்றே நாம் நினைத்துக்கொள்கிறோம். இந்தச் சொல்லில் அந்த நல்ல பொருளே வசவாக வேலை செய்கிறது.

‘ஐட்டம்’ இலத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். இலத்தீனில் அது பெயர்ச்சொல்லே கிடையாது. ‘அதுபோலவே’, ‘மேலும்’ என்று பொருள்படும் ஓர் இடைச்சொல். பழைய காலத்து உயில்களிலும் சொத்துப் பட்டியல்களிலும் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அதை எழுதினார்கள். மேலும் ஒரு கட்டில், மேலும் இரண்டு பித்தளைப் பானை, மேலும் ஒரு பசு என்று பட்டியல் நீளும். எழுதி எழுதி, வரியின் தலையில் இருந்த ‘மேலும்’ அந்த வரியில் இருந்த பொருளுக்கே பெயராகிவிட்டது. பானைக்கும் பசுவுக்கும் தனித்தனிப் பெயர் இருந்தன. அவற்றை எண்ணி முடித்தவனுக்கு அந்தப் பெயர்கள் தேவைப்படவில்லை. ‘இன்னொன்று’ என்பதே போதுமானதாக இருந்தது.

ஆங்கிலத்திலும் இதற்கு ஒரு கொச்சை வழக்கு உண்டு. இருவரை ‘ஒரு ஐட்டம்’ என்று சொன்னால் அவர்கள் காதலர்கள், ஜோடி என்று பொருள். அங்கே அந்தச் சொல்லுக்குள் இரண்டு பேர் சமமாக இருக்கிறார்கள். தெருவில் போகும் பெண்ணைச் சுட்ட அதைப் பயன்படுத்துவது இங்கே நாம் செய்துகொண்ட ஏற்பாடு. சொல் கப்பலில் வந்தது, வசவு உள்ளூரில் தயாரானது. ஆகவே மேல்நாட்டுப் பண்பாடு நம் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

ஆங்கிலம் வராமலிருந்தாலும் நம்மிடம் சரக்கு இருந்தது. ‘சரக்கு’ என்ற சொல்லையே சொல்கிறேன். வண்டியில் ஏற்றுவதும் சரக்கு, சாராயக் கடையில் விற்பதும் சரக்கு, பெண்ணும் சரக்கு. ‘நாட்டுக்கட்டை’ என்றால் மரம். ‘பீஸ்’ என்றால் வெட்டிய துண்டு. இவை எல்லாமே வாங்க, விற்க, அளக்க, அடுக்கக்கூடியவை. அப்படியானால் ‘சரக்கு’ செய்யாத எதை ‘அயிட்டம்’ கூடுதலாகச் செய்துவிட்டது?

அதற்கு மரியாதையான இடங்களில் நுழைய அனுமதிச் சீட்டு கிடைத்தது. தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஒருவர் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, குடும்பமே உட்கார்ந்து பார்க்கும் நேரத்தில், “அடுத்து ஒரு சூப்பர் ஐட்டம் சாங்” என்று சொல்ல முடிகிறது. அதையே ‘சரக்குப் பாட்டு’ என்று அவரால் சொல்ல முடியாது. நாக்கு கூசும். ஆங்கிலம் அந்தக் கூச்சத்தைத் துடைத்துக் கொடுக்கிறது. தமிழில் சொன்னால் அருவருப்பாகத் தெரிவது ஆங்கில ஒலியில் தொழில்முறைச் சொல்லாக மாறிவிடுகிறது. தெருவில் அதைச் சொல்லும் பையன் அதைத் தெருவில் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. வீட்டுக் கூடத்தில், அம்மாவும் தங்கையும் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டிருக்கிறான்.

சினிமாவுக்கு இந்தச் சொல் மேடையிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நாட்டியக் கச்சேரியில் அலாரிப்பு ஓர் உருப்படி, வர்ணம் ஓர் உருப்படி, தில்லானா ஓர் உருப்படி. ஆங்கிலத்தில் பேசும் நாட்டிய ஆசிரியர்கள் அவற்றை ஐட்டம் என்பார்கள். ‘உருப்படி’ அருமையான சொல். உருவம் பெற்று நிற்பது என்று அதற்குப் பொருள். சபா மேடையில் ஆட்டம்தான் உருப்படி, ஆடுபவள் கலைஞர். திரையிலோ பாட்டு ஐட்டமாகி, பாட்டில் ஆடுபவள் ‘ஐட்டம் கேர்ள்’ ஆகிவிட்டாள். ஆட்டத்துக்கு வைத்த பெயர் ஆடியவள் மேல் ஏறிக்கொண்டது.

இந்த இரண்டு மேடைகளும் பிரிந்த கதை நமக்குத் தெரியாததல்ல. 1930களில் சதிர் ஆட்டத்துக்குப் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைபெற்றது. 1935-இல் ருக்மிணி தேவி அடையாற்றில் மேடையேறினார், 1936-இல் கலாக்ஷேத்ரா தொடங்கியது. 1947-இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. பொட்டுக் கட்டும் கொடுமை ஒழிய வேண்டும் என்று முத்துலட்சுமி ரெட்டி போராடியதன் நியாயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த மாற்றத்தில் ஆட்டத்துக்குக் கிடைத்த கௌரவம், தலைமுறை தலைமுறையாக ஆடி வந்த பெண்களுக்குக் கிடைக்கவில்லை. ஆட்டம் தூய்மையாயிற்று, ஆடியவர்கள் மேல் கறை தங்கியது. காசு கொடுத்துப் பார்க்கும் கூட்டத்துக்கு முன்னால் ஆடும் பெண் மலிவானவள் என்ற எண்ணம் திரையரங்குக்குள் நுழைந்தபோது, அவளுக்கு ஒரு புதுப் பெயர் மட்டுமே தேவைப்பட்டது.

சில்க் ஸ்மிதா ஆடிய காலத்தில் தமிழ்ப் பத்திரிகைகள் ‘கவர்ச்சி நடிகை’ என்று எழுதின. 1980-இல் வந்த ‘வண்டிச்சக்கரம்’ படத்தில் அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயர் சில்க். ஒரு துணியின் பெயர் அவருடைய பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு, 1996-இல் அவர் இறந்த பிறகும் பிரியவில்லை. 1981-இல் வெளிவந்த ‘அலைகள் ஓய்வதில்லை’ படத்தில் அண்ணியாக அவர் நடித்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவரால் கண்ணாலேயே ஒரு காட்சியைத் தாங்க முடியும் என்று. அந்த நடிப்பைப் பற்றி எத்தனை பேர் எழுதினோம்? இந்திப் படவுலகத்திலிருந்து ‘ஐட்டம்’ வந்து ‘கவர்ச்சி’யின் இடத்தைப் பிடித்தபோது நிலைமை இன்னும் ஒரு படி இறங்கியது. ‘கவர்ச்சி நடிகை’யில் குறைந்தபட்சம் ‘நடிகை’ என்ற தொழிற்பெயர் மிச்சமிருந்தது.

2021 டிசம்பரில் ‘புஷ்பா’ படத்துக்காகச் சமந்தா ஆடிய பாட்டு வந்தது. பெண் எப்படி இருந்தாலும், எதை உடுத்தினாலும் ஆணின் பார்வை ஒன்றுதான் என்று பெண் குரலில் கேலி செய்யும் பாட்டு அது. ஆண்களைக் காமுகர்களாகக் காட்டுகிறது என்று ஆந்திரத்தில் ஓர் ஆண்கள் சங்கம் நீதிமன்றம் போனதாகச் செய்தி வந்தது. பல பத்தாண்டுகளாகப் பெண் உடலைத் துண்டு துண்டாகக் காட்டிய பாட்டுகளால் புண்படாதவர்கள், பார்வையைத் திருப்பிக் காட்டிய ஒரு பாட்டால் புண்பட்டார்கள். ஆனாலும் அந்தப் பாட்டையும் ஊடகங்கள் ஐட்டம் சாங் என்றே அழைத்தன. அதன் கேலி கேமராவைத் தொடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வரிகள் ஆண் பார்வையைக் குறை சொல்ல, கேமரா அதே பார்வையோடு அவர் உடம்பின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது.

இந்தச் சொல்லின் உள்ளிருப்பதை எனக்குத் தெளிவாகக் காட்டியவர் ஓர் அரசியல்வாதி. 2020 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் டப்ரா தொகுதியில் இடைத்தேர்தல் பிரச்சாரம். முன்னாள் முதல்வர் கமல்நாத் எதிர்க்கட்சி வேட்பாளரைப் பற்றிப் பேசினார். அந்த வேட்பாளர் இமர்தி தேவி, மாநில அமைச்சராக இருந்த தலித் பெண். “அவர் பெயர் என்ன?” என்று மேடையில் கேட்டார் கமல்நாத். கூட்டம் பெயரைக் கூவியது. அதற்குப் பிறகும் அவர் சொன்ன சொல் ‘ஐட்டம்’.

கண்டனம் எழுந்ததும் அவர் சொன்ன விளக்கம்தான் முக்கியம். அது அவமதிக்கும் சொல் இல்லை, பெயர் நினைவுக்கு வரவில்லை, கையில் ஒரு பட்டியல் இருந்தது, மக்களவை நிகழ்ச்சி நிரலிலும் ஐட்டம் ஒன்று, ஐட்டம் இரண்டு என்றுதானே இருக்கிறது என்ற பொருளில் பேசினார். அதாவது, மளிகைக் கடைக்குள் ஓடி ஒளியும் பையனின் அதே பதில். சாதாரணப் பையனுக்குக் கடைச் சீட்டு, பல முறை மக்களவைக்குப் போனவருக்கு நிகழ்ச்சி நிரல், அவ்வளவுதான் வேறுபாடு. ஒரு கணம் அவர் சொன்னதை அப்படியே நம்புவோம். ஒரு தலித் பெண், அமைச்சராக இருந்தவர், ஒரு காலத்தில் இவருடைய அமைச்சரவையிலேயே இருந்தவர். அவர் பெயர் நினைவில் நிற்கவில்லை, பட்டியலில் ஒரு எண்ணாகத்தான் நிற்கிறார். இதைவிடப் பெரிய அவமதிப்பு எது? காமச் சாயலை முழுக்கக் கழுவிவிட்டுப் பார்த்தாலும் ‘மேலும் ஒன்று’ என்ற பழைய பொருள் அங்கே முழுதாக நிற்கிறது.

இதைப் படிக்கும்போது நான் எங்கள் பக்கத்தை நினைத்துக்கொண்டேன். வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி, ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி. வெளியூர்க்காரர்களுக்கு அது சிறிய விலங்குக் காட்சிச் சாலை, காடு, மழைக்காலத்து அருவி. ஞாயிற்றுக்கிழமை பைக்குகளில் கூட்டம் கூட்டமாகப் பையன்கள் வருவார்கள். அருவிக்குப் போகும் பாதையில் பெண்கள் நனைந்த துணியோடு திரும்பும்போது காதில் விழும் சொற்களில் இதுவும் ஒன்று. எங்களுக்கு அமிர்தி என்பது விடியற்காலையில் இருட்டில் நின்று கம்பெனி வண்டிக்குக் காத்திருக்கும் ஊர்களின் வரிசை. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று நீளும் தோல் பட்டையில் காலணிக் கம்பெனிகளின் தையல் வரிசைகளில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். உள்ளே வராதவர்களும் உண்டு. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தரகர் கொண்டுவந்து போடும் அப்பரைக் கையால் தைத்து, பீஸுக்கு இத்தனை என்று கூலி வாங்குகிறவர்கள்.

அந்தத் தொழிலின் பேச்சு முழுக்கப் பொருள்களின் பேச்சு. தோலைச் சதுர அடியில் அளப்பார்கள். வெளிச்சத்தில் விரித்து, தழும்பு, கீறல், உண்ணி கடித்த தடம் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். இது நல்ல பீஸ், இது டேமேஜ், இது ரிஜெக்ட். தோலைப் பொறுத்தவரை அது நேர்மையான பார்வை, தேர்ந்த தொழிலாளியின் பார்வை. அதே பார்வையும் அதே சொற்களும் மேசையைத் தாண்டி, தைத்துக்கொண்டிருப்பவள் மேல் விழும்போதுதான் பிரச்சினை. அது எங்கே தாண்டியது என்று கோடு போட்டுக் காட்டுவது கடினம். சொல் ஒன்றுதானே.

எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி, என்னை அக்கா என்று கூப்பிடுகிறவள், தன் மேற்பார்வையாளர் மேல் ஒரு புகார் கொடுத்தாள். கம்பெனிப் பெயர் இங்கே வேண்டாம். அவள் சார்பில் எழுதிக் கொடுத்தவர், எல்லாப் புகார்களிலும் எழுதுவதுபோல, ‘தகாத வார்த்தைகள் பேசினார்’ என்று எழுதினார். விசாரணையில் கேட்டார்கள், என்ன வார்த்தை? “புது அயிட்டம் எப்படி இருக்குன்னு இன்னொருத்தர்கிட்ட கேட்டாரு.” அறையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். “அயிட்டம்னா இன்னாம்மா? நாள் முழுக்க இங்க நாம அதைத்தானே பேசறோம்?” அந்த வாரம் வரிசைக்குப் புது மாடல் ஒன்று வந்திருந்ததும் உண்மை. அவர் அதைத்தான் சொன்னார் என்று எழுதிப் புகாரை முடித்தார்கள். அவளை வேறு வரிசைக்கு மாற்றினார்கள்.

அவள் கேட்டது எனக்கு மறக்கவில்லை. “அக்கா, ஷூவைப் பாத்து யாராச்சும் கண்ணடிப்பாங்களா?”

சட்டம் இந்த இடத்தில் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1998-இல் சென்னையில் எத்திராஜ் கல்லூரி மாணவி சரிகா ஷா, ஆட்டோவில் வந்த ஆண்களின் அட்டகாசத்தில் உயிரிழந்தார். அதைத் தொடர்ந்து தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயரில் ‘ஈவ் டீசிங்’ இருந்தது. ஒரு பெண்ணின் உயிரைக் குடித்த செயலுக்குச் சட்டப் புத்தகத்திலேயே ‘ஏவாளைச் சீண்டுதல்’ என்று விளையாட்டுப் பெயர். 2002-இல் திருத்தம் செய்து ‘பெண்களைத் துன்புறுத்துதல்’ என்று மாற்றினார்கள். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வெளியிட்ட பாலினச் சொற்கள் பற்றிய கையேடும், நீதிபதிகள் ஈவ் டீசிங் என்று எழுதாமல் தெருவில் நடக்கும் பாலியல் துன்புறுத்தல் என்றே எழுத வேண்டும் என்றது. பெயர் மாறினால் என்ன என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: சீண்டலுக்குச் சிரிக்கலாம், துன்புறுத்தலுக்குச் சிரிக்க முடியாது.

‘அயிட்டம்’ என்ற சொல்லே ஒரு தீர்ப்பின் மையத்துக்கு வந்ததும் உண்டு. பள்ளி விட்டு வந்த 16 வயதுப் பெண்ணை அப்படி அழைத்து, முடியைப் பிடித்து இழுத்தவனுக்கு 2022 அக்டோபரில் மும்பை போக்சோ சிறப்பு நீதிமன்றம் ஒன்றரை ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தது. பெண்ணைப் பாலியல் பொருளாக்கவே இந்தச் சொல் பயன்படுகிறது என்று நீதிமன்றம் கண்டது. சம்பவம் நடந்தது 2015-இல். ஏழு ஆண்டுகள் அந்தப் பெண் அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு நீதிமன்றம் ஏறி இறங்கியிருக்கிறாள்.

பணியிடங்களுக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதில் உடலைத் தொடுவது மட்டுமல்ல, பாலியல் சாயல் கொண்ட பேச்சும் துன்புறுத்தல்தான். பத்துப் பேர் வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டும். மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். பத்துப் பேர் இல்லாத சிறு பட்டறைகளில் வேலை செய்பவர்கள் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். தாளில் இவ்வளவும் இருக்கிறது. ‘சாயல்’ இருந்ததா இல்லையா என்று யார் தீர்மானிப்பது என்ற இடத்தில்தான் எல்லாம் வழுக்குகிறது. அந்த வழுக்கலுக்கு எண்ணெய் ஊற்றுவது ‘அயிட்டம்’ போன்ற இரட்டைப் பொருள் சொற்கள்.

என் மாணவிகள் சிலர் மறுப்பார்கள். “நாங்களும் பசங்களை அயிட்டம்னு சொல்றோம், எங்களுக்குள்ளேயும் சொல்லிக்கறோம்.” உண்மை. தோழிகளுக்குள் எதையும் சொல்லிக்கொள்ளும் சுதந்திரம் இருக்கட்டும். இழிவாகச் சொன்ன சொல்லைப் பிடுங்கி நம் கொடியில் எழுதிக்கொண்ட வரலாறும் பெண்களுக்கு உண்டு. 2011-இல் டொராண்டோவில் தொடங்கிய ஊர்வலம் அப்படித்தான் ஒரு வசவைக் கையில் எடுத்தது. ஆனால் அது ஒரு பெண்ணின் நடத்தையைக் குறிக்கும் சொல். “ஆமாம், நான் அப்படித்தான், உனக்கென்ன?” என்று கேட்க அதில் இடம் இருந்தது. ‘அயிட்டம்’ என்பதில் அப்படி எதிர்த்து நிற்க ஓர் ‘நான்’ இல்லை. ‘நான் மேலும் ஒன்று’ என்று எந்தக் கொடியில் எழுதுவது?

வேறொரு மறுப்பைத்தான் நான் கனமாக எடுத்துக்கொள்கிறேன். சொற்களைத் தண்டிக்கத் தொடங்கினால் யார் மாட்டுவார்கள்? அருவிப் பாதையில் நிற்கும், வேலை இல்லாத, ஏழை வீட்டுப் பையன் மாட்டுவான். அந்தச் சொல்லைக் கோடிகளில் விற்ற தயாரிப்பாளரும் அதை நாள்தோறும் ஒலிபரப்பும் அலைவரிசையும் மாட்ட மாட்டார்கள். இது நியாயமான கவலை. அதனால்தான் இந்தக் கட்டுரையில் அமிர்திக்கு வருவதற்கு முன் சினிமாவுக்கும் தேர்தல் மேடைக்கும் போனேன். தெருவில் கேட்கும் சொல்லுக்கு மட்டும் முகம் சுளித்துவிட்டு, திரையில் வரும் அதே சொல்லுக்கு விசில் அடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

செய்யக்கூடியது என்ன? சினிமா பற்றி எழுதும் பெண்கள் ‘ஐட்டம் சாங்’ என்ற சொல்லை எழுதாமல் விடலாம். ஆடியவர் பெயரை எழுதலாம், நடனம் அமைத்தவர் பெயரை எழுதலாம், ஆட்டம் நன்றாக இருந்ததா என்று எழுதலாம். அந்தப் பெண்களின் உழைப்பைப் பற்றி விமர்சனம் எழுத நமக்கு இன்னும் மொழி பழகவில்லை. பழக வேண்டும்.

புகார் எழுதும்போது ‘தகாத வார்த்தை’ என்று எழுத வேண்டாம். நம் வாயால் சொல்லக் கூச்சப்பட்டு நாம் போடும் அந்த மறைப்பு, சொன்னவனைத்தான் காப்பாற்றுகிறது. சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். எங்கே நின்று சொன்னான், யாரைப் பார்த்துச் சொன்னான், யாரிடம் சொன்னான், சொல்லும்போது கண் எங்கே இருந்தது, யார் சிரித்தார்கள் என்று எழுதுங்கள். இரட்டைப் பொருள் சொல்லுக்கு எந்தப் பொருள் என்பதை அகராதி சொல்லாது, இந்த விவரங்கள்தான் சொல்லும்.

அந்தப் பெண் இப்போது வேறொரு கம்பெனியில் தைக்கிறாள். வேலையில் சேர்ந்த அன்றே அங்கே குழு இருக்கிறதா, வெளியிலிருந்து வரும் உறுப்பினர் யார் என்று கேட்டாளாம். பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய அறிவிப்பைக் காட்டினார்கள். தன்னோடு அதே வண்டியில் போய் வரும் பெண்கள் எல்லோருக்கும் அதைப் பார்த்து எழுதிக் கொடுத்திருக்கிறாள்.